மார்கழிக் குளிரில் காரைக் கிளப்புவது எப்படி?

மார்கழி பிறந்துவிட்டால் டில்லித் தமிழர் குடியிருப்புகளில் விடிவதற்கு முன்பே இரண்டு சத்தங்கள் கேட்கத் தொடங்கும். ஒன்று திருப்பாவை. மற்றொன்று வாசலில் நின்றபடி உறுமும் கார். ஆர்.கே. புரம் மலைக் கோயிலுக்கு விடியற்காலை தரிசனத்துக்குப் புறப்படுகிறவர், ஊரிலிருந்து ரயிலில் வரும் மாமனார் மாமியாரை அழைத்துவரக் கிளம்புகிறவர், ஏழு மணி ஷிப்டுக்கு நொய்டா போகிறவர் என்று எல்லோரும் அந்த நேரத்தில் செய்யும் முதல் வேலை, வண்டியை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு வருவதுதான். காப்பி முடிய பத்து நிமிஷம் ஆகும். அதுவரை கார் நின்ற இடத்திலேயே பெட்ரோல் குடித்துக்கொண்டிருக்கும்.

ஊரில் கார் ஓட்டக் கற்றவர்களுக்கு இது புதுப் பழக்கம். சென்னையில் மார்கழி விடியலில் இருபது டிகிரி இருந்தாலே மப்ளர் கட்டிக்கொள்வார்கள். எஞ்சினைச் சூடேற்ற வேண்டும் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. டில்லியின் குளிர் வேறு ரகம். சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2021 ஜனவரி 1ஆம் தேதி விடியலில் 1.1 டிகிரி பதிவாயிற்று. 2019 டிசம்பர் 30ஆம் தேதியன்றோ பகலிலேயே வெப்பம் 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. புதிதாக மாற்றலாகி வந்தவர் இந்தக் குளிரில் சாவியைத் திருப்பத் தயங்கி நிற்கும்போது, பக்கத்து வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து, ‘பஹலே காடி கரம் கர் லோ’ என்று யோசனை சொல்வார். அன்று பிடித்த பழக்கம் பணி ஓய்வு பெறும்வரை விடுவதில்லை.

அந்த யோசனை ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது.

சோக் இழுத்த காலம்

அம்பாஸிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய நாட்களில் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டியது கார்புரேட்டர். உள்ளே பாய்கிற காற்று தன் வேகத்தால் ஒரு சிறு துவாரத்தின் வழியாகப் பெட்ரோலை இழுத்துத் தெளித்துக்கொண்டு போகும். அதற்கு மூளை கிடையாது. வெளியே நாற்பது டிகிரியா, நான்கு டிகிரியா என்று அதற்குத் தெரியாது. குளிரில் பெட்ரோல் ஆவியாகாமல் துளித்துளியாகக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எரிவதற்குப் போதுமான ஆவி சிலிண்டருக்குள் போய்ச் சேராது. அதனால்தான் டாஷ்போர்டில் சோக் என்ற ஒரு குமிழ் இருந்தது. அதை இழுத்தால் காற்று வரும் வழி அடைபடும். பெட்ரோல் அதிகமாகச் சேரும். வண்டி இருமிக்கொண்டே கிளம்பும். சூடேறுவதற்குள் சோக்கை உள்ளே தள்ளிவிட்டு கியர் போட்டால் வண்டி நடு ரோட்டில் நின்றுவிடும். எனவே சில நிமிஷம் ஓடவிட்டுக் கிளம்புவதுதான் கெட்டிக்காரத்தனம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 காரும் பல வருஷங்கள் கார்புரேட்டருடன்தான் ஓடியது.

1995 ஏப்ரலில் டில்லி உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. 2000ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாடு மேலும் இறுகியபோது கார்களிலிருந்து கார்புரேட்டரே விடைபெற்றுக்கொண்டது. அதன் இடத்துக்கு வந்தது, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஊசிக்குழாய் முறை. எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, உள்ளே வரும் காற்று எத்தனை டிகிரி என்பதை அளக்க அதில் கருவிகள் உண்டு. அந்த அளவைப் பார்த்து எத்தனை பெட்ரோல் வேண்டுமோ அதை அதுவே கணக்கிட்டுக் கொடுத்துவிடுகிறது. சோக் இழுக்கும் வேலையை மனிதன் கையிலிருந்து அது வாங்கிக்கொண்டது. சோக் போய்விட்டது, அதற்காக ஏற்பட்ட பத்து நிமிஷப் பழக்கம் மட்டும் போகவில்லை.

குளிர்ந்த எஞ்சினுக்குள் நடப்பது என்ன?

நின்ற இடத்தில் ஓடவிடுவதால் பெட்ரோல் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். எஞ்சினுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தானே இதைச் செய்கிறார்கள்? நடப்பது அதற்கு நேர்மாறு.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட அதிகமான பெட்ரோலைச் செலுத்துகிறது. எரியாமல் மிஞ்சும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கே வழவழப்புக்காக இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி விடுகிறது. கொஞ்சம் கீழே வழிந்து எஞ்சின் ஆயிலுடனும் கலக்கிறது. நீர்த்துப்போன ஆயில் தேய்மானத்தைத் தடுக்காது. ஆகவே எஞ்சின் குளிர்ந்த நிலையில் கழிக்கும் நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

சீக்கிரம் சூடேற வழி என்ன? வேலை கொடுப்பதுதான். சும்மா சுற்றும் எஞ்சினில் எரியும் பெட்ரோல் குறைவு. பிறக்கும் சூடும் குறைவு. பத்து நிமிஷம் நின்று ஏறாத சூடு, ஐந்து நிமிஷம் மெதுவாக ஓட்டினால் ஏறிவிடும். தவிர, காரில் குளிர்ந்து கிடப்பது எஞ்சின் மட்டும்தானா? கியர் பெட்டியில் உள்ள எண்ணெய், சக்கரங்களின் பேரிங்கில் உள்ள கிரீஸ், டயர் ரப்பர் எல்லாமே விறைத்துத்தான் கிடக்கின்றன. வாசலில் நின்று எத்தனை நேரம் உறுமினாலும் இவற்றில் ஒன்றுக்கும் சூடு போய்ச் சேராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேலை செய்ய ஏறத்தாழ 250, 300 டிகிரி சூடு வேண்டும். அதுவரை வெளியேறும் புகை பெரும்பாலும் சுத்திகரிக்கப்படாத புகைதான். குளிர்காலத்து டில்லியில் காற்று மேலே எழாமல் தரையோடு தங்கிவிடும். கீழ்த்தளத்தில் குடியிருப்பவரின் படுக்கையறை ஜன்னல் பல காலனிகளில் கார் சைலன்ஸருக்கு நேராக இருக்கிறது. ஆஸ்துமாக் குழந்தை உள்ள வீட்டுக்காரர் இதைப் பற்றி என்ன நினைப்பார் என்று காப்பி குடிக்கிறவர் யோசிப்பதில்லை. கார் நிறுத்த இடமில்லாமல் மூளும் சண்டைக்கு அடுத்தபடியாக அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் வருவது இதனால்தான் என்றால் மிகையாகாது.

அரை நிமிஷம் போதும்

சரி, செய்ய வேண்டியது என்ன? கிளம்பத் தயாரான பிறகே வண்டியைத் தொட வேண்டும். செருப்பு மாட்டுவது, சாப்பாட்டு டப்பாவைத் தேடுவது, கண்ணாடியில் படிந்த பனியைத் துணியால் துடைப்பது எல்லாவற்றையும் முதலில் முடித்துக்கொள்ளலாம். ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் போட்டுக்கொண்டு, பின்பக்கக் கண்ணாடியைச் சரி பார்ப்பதற்குள் அரை நிமிஷம் ஆகிவிடும். ஆயில் மேலேறி எல்லா இடத்துக்கும் போய்ச் சேர அது போதும். கடுங்குளிரில் ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சுற்றுவேகம் காட்டும் முள் உள்ள கார்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குளிரில் கிளம்பியதும் முள் ஆயிரத்தைத் தாண்டி நிற்கும். பிறகு மெல்ல இறங்கும். இறங்கத் தொடங்கியதும் புறப்பட்டுவிடலாம். முழுவதும் இறங்கும்வரை காத்திருக்க அவசியம் இல்லை.

முதல் மூன்று, நான்கு கிலோமீட்டர்தான் முக்கியம். அதுவரை ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதிக்கக் கூடாது. முள் 2,000, 2,500க்குள் இருக்கும்படி கியரை மாற்றிக்கொண்டு நிதானமாகப் போக வேண்டும். காலனிக்குள் எப்படியும் வேகமாகப் போக முடியாது என்பதால் இது தானாகவே நடக்கும். நின்ற இடத்தில் ‘ரேஸ்’ கொடுத்துச் சூடேற்றுகிறவர்கள் உண்டே, அவர்கள் தங்கள் எஞ்சினுக்குச் செய்யும் கெடுதலை வேறு யாரும் செய்ய முடியாது. கெட்டியாகிப்போன ஆயில் எல்லா இடத்துக்கும் பரவுவதற்குள் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

சிறிய பெட்ரோல் கார் சும்மா நின்று ஓடினால் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். குளிர்ந்த நிலையில் இன்னும் கூடுதல். மணிக்கு 600 மில்லி என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிஷத்துக்கு 100 மில்லி, அதாவது ஒரு சிறிய காப்பி டம்ளர். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை அறுபது நாட்களுக்கு ஆறு லிட்டர். லிட்டர் 95 ரூபாய் என்றால் 570 ரூபாய். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காரில் 90 கிலோமீட்டர் போகலாம். கரோல்பாக்கிலிருந்து மலைக் கோயிலுக்கு மூன்று, நான்கு முறை போய்த் திரும்பலாம்.

இது பெரிய தொகையா என்று கேட்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு 570 ரூபாய் தெருவில் கிடப்பதில்லை. ஆனாலும் உண்மையைச் சொன்னால், குளிர்காலத்தில் பெட்ரோலைப் பெரிதாகத் தின்பது வேறொன்று. அது குட்டிக் குட்டிப் பயணம். முனிர்க்காவிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள கோயிலுக்கு ஒரு தடவை. திரும்பி வந்து, எஞ்சின் ஆறியபின் பால் வாங்க ஒரு தடவை. மறுபடி ஆறியபின் காய்கறிக்கு ஒரு தடவை. எஞ்சின் ஒரு தடவைகூட முழுச் சூட்டை எட்டுவதில்லை. ஒவ்வொரு தடவையும் அதிகப்படிப் பெட்ரோலில்தான் ஓடுகிறது. அமெரிக்க அரசு வெளியிட்டுள்ள கணக்குப்படி 25 டிகிரியில் ஓடுவதைவிடச் சுழியத்துக்குக் கீழே 7 டிகிரி குளிரில் நகரத்தில் ஓடும் பெட்ரோல் கார் ஏறத்தாழ 15 சதவீதம் குறைவாக மைலேஜ் தருகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் குறும் பயணங்களானால் 24 சதவீதம்வரை குறையலாம். டில்லியில் அவ்வளவு குளிர் இல்லை, இழப்பும் அவ்வளவு இருக்காது. ஆனால் போக்கு ஒன்றுதான். மூன்று வேலைகளையும் ஒரே சுற்றில் முடித்துக்கொண்டால் இரண்டாவது கடைக்கும் மூன்றாவது கடைக்கும் சூடான எஞ்சினோடு போகலாம். இரண்டு கிலோமீட்டர் கோயிலுக்கு அதே கட்டடத்தில் உள்ள நான்கு பேர் ஒரே காரில் போகலாம். நடந்தும் போகலாம். மார்கழியில் நடந்து கோயிலுக்குப் போவது நமக்குப் புதிதல்லவே!

ஹீட்டருக்குப் பெட்ரோல் செலவாகுமா?

ஏ.சி. போட்டால் மைலேஜ் குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். அதேபோல ஹீட்டருக்கும் செலவாகும் என்று எண்ணிக் குளிரில் நடுங்கிக்கொண்டே ஓட்டுகிறவர்கள் நம்மவர்களில் அதிகம். வழக்கமான பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டருக்கென்று தனியாக எதுவும் எரிவதில்லை. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் வெந்நீர் ஒரு சிறிய ரேடியேட்டர் வழியாகப் போகிறது. அதன்மீது காற்றை ஊதிவிடுகிறார்கள். வெளியே வீணாகப் போக வேண்டிய சூடு உள்ளே வருகிறது. காற்றாடிக்கான மின்சாரம் மட்டுமே செலவு. ஆனால் ஸ்டார்ட் செய்த உடனே போட்டால் குளிர்ந்த காற்றுதான் வரும். எஞ்சின் சூடேறுவதும் தாமதமாகும். வெப்ப முள் கொஞ்சம் எழும்பிய பிறகு போட வேண்டும். முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மறைத்தால் மட்டும் ஏ.சி.யையும் சேர்த்துச் சில நிமிஷம் போடுவதில் தவறில்லை. பாதை தெரியாமல் மிச்சப்படுத்தும் பெட்ரோல் நமக்கு வேண்டாம்.

வண்டி ஓடத் தொடங்கிப் பதினைந்து நிமிஷம் ஆகியும் ஹீட்டரில் சூடு வரவில்லையா? தெர்மோஸ்டாட் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் எண்பது, தொண்ணூறு டிகிரி சூட்டை எட்டும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து வைப்பது அந்தச் சிறிய வால்வின் வேலை. வெயில் ஊர்களில் சில மெக்கானிக்குகள், வண்டி அதிகம் சூடாகிறது என்று புகார் சொன்னால் இந்த வால்வையே கழற்றி எறிந்துவிடுவார்கள். ஊரில் வாங்கி இங்கே கொண்டுவரப்பட்ட பழைய கார்களில் இது சகஜம். வால்வு இல்லாத எஞ்சின் டில்லிக் குளிரில் சாலை முழுவதும் குளிர்ந்தே ஓடும். சொந்தக்காரரோ மைலேஜ் குறைகிறதே என்று ஏர் பில்டரை மாற்றுவார், பிளக்கை மாற்றுவார், கடைசியில் பெட்ரோல் பங்க்காரரைச் சந்தேகிப்பார்.

கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டுவதும் ஊர்ப் பழக்கம்தான். டில்லியில் தப்பித்துவிடலாம். லீவில் குடும்பத்தோடு மணாலிக்குப் போய் இரவு வண்டியை வெளியே நிறுத்தினால், தண்ணீர் உறைந்து எஞ்சின் பிளாக்கே விரிசல் விடக்கூடும்.

ஆயில், காற்று, பாட்டரி

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். டபிள்யூ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருந்தால் குளிரில் ஆயில் எளிதில் ஓடும். காருடன் கொடுத்த கையேட்டில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதையே வாங்க வேண்டும். கெட்டியான ஆயில்தான் எஞ்சினுக்கு வலு என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்கக் கூடாது.

செப்டம்பரில் 35 டிகிரி வெயிலில் அடித்த காற்று, ஜனவரியின் 8 டிகிரி விடியலில் டயருக்குள் சுருங்கிவிடும். முப்பது பவுண்டு அடித்திருந்தால் மூன்று, நான்கு பவுண்டு குறைந்திருக்கும். பஞ்சர் எதுவும் இல்லை, குளிரின் வேலைதான். காற்றுக் குறைந்த டயர் ரோட்டைப் பிடித்து இழுக்கும், பெட்ரோல் கூடுதலாகும். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, வண்டி சூடாகுமுன், பக்கத்தில் உள்ள பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம்.

பாட்டரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவசரத்துக்குக் காலை வாருவது அதுதான். சுழிய டிகிரியை நெருங்கும்போது பாட்டரியின் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதே சமயம் கெட்டியான ஆயிலில் எஞ்சினைச் சுற்ற அதிக பலம் தேவைப்படும். ஆனால் பாட்டரி கெட்டுப்போனது குளிரால் அல்ல. மே, ஜூனில் அடித்த 45 டிகிரி வெயில்தான் அதை உள்ளுக்குள் அரித்துவிட்டது. குளிர் அதைக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவே. மூன்று வருஷம் தாண்டிய பாட்டரியை நவம்பரிலேயே சோதித்துவிட்டால், விருந்தாளி ரயிலில் வந்து இறங்கும் நாளில் டாக்ஸி தேட வேண்டியிருக்காது.

ஸ்டார்ட் செய்யும்போது விளக்கு, காற்றாடி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்துக்கொள்ள வேண்டும். கியர் பெட்டியின் கெட்டி எண்ணெயையும் சேர்த்துச் சுற்றும் பாரம் ஸ்டார்ட்டருக்குக் குறையும். ஐந்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. கிளம்பாவிட்டால் அரை நிமிஷம் விட்டு மறுபடி முயலலாம். டீசல் வண்டியானால் சுருள் படம் போட்ட விளக்கு அணையும்வரை பொறுத்து அப்புறம் திருப்ப வேண்டும். டீசல் எஞ்சின் நின்ற இடத்தில் சூடேறுவது மிகமிக மெதுவாக என்பதால் காத்திருப்பதில் லாபமே இல்லை. லடாக் பக்கம் டீசலே மெழுகுபோல் இறுகிவிடும். அதற்காகத்தான் சுழியத்துக்குக் கீழே 33 டிகிரிவரை இறுகாத தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019இல் அங்கே கொண்டுவந்தது.

சி.என்.ஜி. கார் வைத்திருப்பவர்கள், எரிவாயு இருந்தும் பெட்ரோல் முள் இறங்குகிறதே என்று திகைக்க வேண்டாம். பல கார்கள் பெட்ரோலில் கிளம்பி, சற்றுச் சூடேறிய பிறகே வாயுவுக்கு மாறும். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள்காரர்களில் 2020க்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் பலருக்கு இன்னும் சோக் உண்டு. இழுத்துக் கிளப்பிய ஓரிரு நிமிஷத்தில் மறக்காமல் உள்ளே தள்ளிவிட வேண்டும். அலுவலகம்வரை சோக்கோடு போய்ச் சேர்ந்து பிளக் கறுத்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் உண்டு.

மூடிய ஷெட்டில் வேண்டவே வேண்டாம்

மூடிய அறையில் அங்கீட்டிக் கரி மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வராத குளிர்காலம் டில்லியில் இல்லை. அங்கே உயிரைக் கொண்டுபோவது கார்பன் மோனாக்ஸைடு வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம். மயங்கியவர் கதவைத் திறக்க எழுந்திருக்க முடியாது. குளிர்ந்த எஞ்சினின் புகையிலும் இதே வாயுதான் தாராளமாக இருக்கிறது. கதவு மூடிய ஷெட்டுக்குள்ளோ, ஷட்டர் இறக்கிய பார்க்கிங்கிலோ காரை ஓடவிடவே கூடாது. ஷட்டரைத் தூக்கி, வண்டியை வெளியே கொண்டுவந்துவிட்ட பிறகே மற்ற வேலை.

கல்யாண மண்டப வாசலில் நள்ளிரவுவரை முதலாளிக்காகக் காத்திருக்கும் டிரைவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டரைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே கண்ணயர்வது அவர்களில் பலருக்கு வழக்கம். சைலன்ஸரில் ஓர் ஓட்டை இருந்தாலோ, பின்பக்கம் சுவரை ஒட்டி நின்றாலோ புகை உள்ளே வந்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்ளும்படி அவர்களிடம் முதலாளியே சொல்லலாம். டிக்கியில் ஒரு கம்பளியும் வைத்துக் கொடுக்கலாம்.

புதுடில்லி ஸ்டேஷன் வாசலிலும் இதே காட்சிதான். மூடுபனிக் காலத்தில் தெற்கேயிருந்து வரும் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாவது வழக்கம். ரயில் எங்கே வருகிறது என்று கைப்பேசியில் பார்க்க முடிகிற இந்த நாளில், மதுரா தாண்டிவிட்டதா என்று தெரிந்துகொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினாலே போதும். சீக்கிரமே போய்விட்டவர்கள் வண்டியை அணைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு டீ குடித்தபடி காத்திருக்கலாம். எஞ்சின் அரை மணி நேரத்தில் முழுவதும் ஆறிவிடாது. மாமியார் ஏறி உட்கார்ந்ததும் ஹீட்டரில் சூடான காற்றே வரும்.